அடிவாரத்தில் 38 டிகிரி, உச்சியில் மூடுபனி: ஒரே நாளில் மலையேறும் கதாபாத்திரங்களுக்கு என்ன உடுத்துவது?

பதிவு 1 – கோட்டைமேடு

வணக்கம். சேலத்தையும் சேர்வராயன் மலையையும் அச்சாக வைத்து ஒரு கற்பனை நாடு கட்டியிருக்கிறேன். ராஜ்ஜியத்தின் தலைநகரம் சமவெளியில், சுமார் 280 மீட்டர் உயரத்தில். நாலாபக்கமும் கஞ்சமலை, நகரமலை, சருகுமலை, கோதுமலை போன்ற குன்றுகள். மந்திரவாதிகளின் மடம் மேலே 1,500 மீட்டரில். சித்திரை மாத நடுப்பகலில் குழு கிளம்புகிறது, இருட்டும்போது மேலே சேர வேண்டும்.

குழுவில் நான்கு பேர்: முழு இரும்புக் கவசம் போட்ட தளபதி, பெண் மந்திரவாதி, ஒரு திருடன், பல்லி இனத்து வேவுகாரன். ஆட்டம் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆட்டக்காரர்கள் வரைந்து கொண்டுவந்த படங்களில் அடிவாரத்துக்குப் பாலைவன அங்கி, உச்சிக்கு உரோமத் தோல் மேலங்கி. இரண்டுமே இந்த மண்ணுக்கு ஒட்டவில்லை என்று படுகிறது. என்ன உடுத்தலாம், எவ்வளவு எடை, எந்த விதியில் அடக்குவது?

பதிவு 2 – பகடை_இருபது

விதியிலிருந்து தொடங்குகிறேன், ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

2014 விதிப்படி கடுங்குளிர் என்றால் மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழ். மணிக்கொரு முறை டிசி 10 கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல்திடத்துக்குப் பகடை உருட்டி டிசி எண்ணை எட்ட வேண்டும்), தவறினால் ஒரு படி எக்ஸாஷன், அதாவது களைப்பு. குளிர் உடை இருந்தால் உருட்டாமலே தேர்ச்சி. கடும் வெப்பம் என்றால் 38 டிகிரி அல்லது அதற்கு மேல். முதல் மணிக்கு டிசி 5, பிறகு மணிக்கு ஒன்று கூடும். நடுத்தர, கனரகக் கவசத்துக்கும் கனத்த உடைக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது).

மைனஸ் 18க்கும் 38க்கும் நடுவே 56 டிகிரி. அந்த இடைவெளிக்கு உடை பற்றி விதியே கிடையாது. உங்கள் மலை முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் நிற்கிறது! சமவெளியின் ஓர் உச்சி வெயில் மட்டும் வெப்ப விதியைத் தொடும்.

அதிலும் வெப்ப விதி, குடிநீர் கிடைக்காதவருக்கு மட்டும்தான். தோல்பையில் தண்ணீர் இருந்தால் முழுக்கவசத் தளபதி உருட்டவே தேவையில்லை. ஆனால் வெயில் நாளில் ஆளுக்கு 2 காலன் தண்ணீர் வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஒரு தோல்பை 4 பைண்ட் (அரை காலன்) பிடிக்கும், நிறைந்தால் 5 பவுண்டு. 2 காலனுக்கு நான்கு பை, 20 பவுண்டு. முழுக்கவசம் 65 பவுண்டு. மொத்தம் 85. சுமைக்கான விருப்ப விதியை வைத்தால் ஸ்ட்ரெங்த் (வலிமை) 16 உள்ளவர் 80 பவுண்டைத் தாண்டியதும் வேகம் 10 அடி குறையும். வாள், கேடயம் இன்னும் எடுக்கவே இல்லை. தளபதியின் உடைப் பிரச்சினை முதலில் தண்ணீர்ப் பிரச்சினை.

பதிவு 3 – பாவும்_ஊடையும்

துணிப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் வெப்பநிலை. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 280க்கும் 1,500க்கும் இடையே 1,220 மீட்டர், அதாவது ஏறத்தாழ 8 டிகிரி. கீழே 38 என்றால் அதே நேரத்தில் மேலே 30. விடியலுக்குள் 17, 18க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிப்பொழிவு இல்லாத மலை இது. உரோமத் தோல் மேலங்கி இங்கே தேவையே இல்லை. போட்டால் கெடுதல், ஏன் என்று பார்க்கலாம்.

இந்த மலையில் ஆளை வீழ்த்துவது குளிர் அல்ல, ஈரம். கடுமையாக ஏறும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்க்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். நடுப்பகலில் அதுதான் உயிர் காக்கிறது. அந்தியில் காற்று வீசும்போது, ஏறி முடித்து உட்கார்ந்த உடம்பிலிருந்தும் அதே வழியில் வெப்பம் போகிறது. அடிவாரத்தில் அதிகமாக உடுத்தியவர்தான் உச்சியில் நடுங்குவார்.

எந்த இழை? காற்றிலிருந்து இயல்பாகப் பிடிக்கும் ஈரம் பருத்திக்கு எடையில் 8.5 சதம், பட்டுக்கு 11, கம்பளிக்கு 16. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை உள்ளே வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியிடவும் செய்யும். பருத்தி நனைந்தால் இழைகளுக்கு நடுவே இருந்த காற்று போய்விடும், கதகதப்பு சுத்தமாக இல்லை. ஆனால் நனைந்த பருத்தி நூலின் வலு கூடும், கம்பளிக்கும் பட்டுக்கும் குறையும். ஆகவே இடுப்புக் கச்சை, பை வார், மூட்டை கட்டும் துணி எல்லாம் பருத்தியாகட்டும். போர்வை மட்டும் கம்பளி.

சமவெளிக்கு: 40ஆம் நம்பர் நூலில் (எண் கூடக் கூட நூல் மெலிசு) நெருக்கமில்லாமல் நெய்த எட்டு முழ வேட்டி, ஒரு துண்டு, தலையில் உருமால். தைக்காத துணியின் பெரிய லாபம், பிழிந்து விரித்தால் ஒரே அடுக்காகக் காயும். தையல், மடிப்பு, பட்டி இருக்கும் இடத்தில்தான் ஈரம் தங்கும். உருமாலை நாலைந்து சுற்றுச் சுற்றினால் வெயிலும் தாங்கும், தலைக்கவசத்துக்கு மெத்தையும் ஆகும், கலங்கல் தண்ணீரை வடிகட்டவும் உதவும்.

அடிவாரத்து முள்காட்டுக்கு: வேட்டியை மடித்துக் கட்டினால் கால் கிழியும், இறக்கிவிட்டால் முள்ளில் மாட்டும். உள்ளே முழங்காலுக்குக் கீழ்வரை வரும் சல்லடம் என்ற கால்சட்டை போடுங்கள். கொஞ்சம் தடித்த நூல், 20ஆம் நம்பர்.

கஞ்சி பற்றி ஒரு வார்த்தை. சேலத்துக் கதை என்பதால் மரவள்ளிக் கஞ்சி போட்ட விறைப்பான துணியைக் காட்ட ஆசை வரும். காய்ந்த சமவெளியில் அது நல்லதே. விறைத்த துணி தோலில் ஒட்டாது, நடுவே காற்று ஓடும். மேலே மூடுபனியில் அதே கஞ்சி ஈரம் வாங்கிப் பிசுபிசுக்கும், இரண்டு மூன்று நாளில் பூஞ்சைக் கரும்புள்ளி விழும். மலைக்குப் போகும் மாற்றுத்துணியைக் கஞ்சி போகத் துவைத்து மூட்டையில் வைக்க வேண்டும்.

பதிவு 4 – மூடுபனி

நிறம்? மந்திரவாதிக்குக் கறுப்பு அங்கிதான் வேண்டுமாம். வெயிலில் கறுப்பு சுடாதா?

பதிவு 5 – பாவும்_ஊடையும்

தொளதொளவென்று இருந்தால் சுடாது. 1980இல் நேச்சர் இதழில் இதைப் பற்றியே ஒரு ஆய்வு வந்தது. பாலைவனத்தில் பெடூயின் மக்கள் அணியும் கறுப்பு, வெள்ளை அங்கிகளை ஒப்பிட்டார்கள். கறுப்புத் துணி அதிக வெப்பம் வாங்கியது உண்மை. ஆனால் துணிக்கும் தோலுக்கும் நடுவே ஓடும் காற்று அந்த உபரியைக் கொண்டுபோய்விட்டது, தோலைச் சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றே. இடுப்பில் இறுக்கக் கச்சை கட்டினால் இந்தக் காற்றோட்டம் நின்றுவிடும். கறுப்பு கேட்பவருக்கு நிபந்தனை இது: கச்சையைத் தளர்த்து, கழுத்தையும் கீழ்விளிம்பையும் திறந்து வை. ஆனால் முள்காட்டில் தொளதொள அங்கி மாட்டும், அங்கே ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பெற வேண்டும்.

சாயத்தையும் யோசியுங்கள். கடுக்காயும் இரும்பும் சேர்த்துப் போட்ட கறுப்பு பார்க்க அழகு, ஆனால் இரும்பு பருத்தி நூலை நாளடைவில் அரிக்கும், பழைய அங்கி மடிப்பு வழியே கிழியும். மஞ்சள்கிழங்குச் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அவுரி நீலம் வெயிலுக்கு நிற்கும், உரசும் இடத்தில் மட்டும் தோலிலும் உள்ளாடையிலும் ஒட்டும். ஏழை வழிப்போக்கனின் உடை எது, நேற்று வாங்கிய உடை எது என்பதை நிறத்தாலேயே காட்டிவிடலாம்.

திருடனுக்குக் கறுப்பு வேண்டாம். மூடுபனியில் கறுப்பு உருவம் பளிச்சென்று பிரியும், சாம்பலும் அழுக்கு வெள்ளையும் கரைந்துபோகும். சேலத்து வெள்ளைக்கல் கரடு மாதிரி மேக்னசைட் நிலம் உங்கள் வரைபடத்தில் இருந்தால் அங்கேயும் அழுக்கு வெள்ளைதான்.

பதிவு 6 – கஞ்சமலை_உலை

தளபதிக்கு வருகிறேன். கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது, ஆகவே உங்கள் நாட்டில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே எல்லாருக்கும் முழுக்கவசம் என்று போய்விடாதீர்கள். கவசத்தின் சூடு இரும்பிலிருந்து மட்டும் வருவதில்லை, அடியில் போடும் பஞ்சு மெத்தை உடையிலிருந்தும் வருகிறது. அது இல்லாமல் கவசம் போட முடியாது, அதைப் போட்டால் வியர்வை வெளியேறாது.

என் பரிந்துரை மார்புக்கவசம்: 20 பவுண்டு, 400 பொன், மறைந்து நடக்கவும் தடையில்லை. முழுக்கவசத்தின் ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 18. மார்புக்கவசம் 14, அதோடு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) தரும் கூடுதல் அதிகபட்சம் 2. டெக்ஸ் 12 (கூடுதல் 1) உள்ள தளபதிக்கு 15 ஆகும், மூன்று புள்ளி இழப்பு. அவர் ஒப்பவில்லை என்றால் கோவேறு கழுதை வாங்கட்டும். 8 பொன், 420 பவுண்டு சுமக்கும். முழுக்கவசத்தை அதன் முதுகில் ஏற்றி, மேலே போய் மாட்டிக்கொள்ளலாம். மாட்ட 10 நிமிடம், கழற்ற 5. இந்தப் பத்து நிமிடத்தில்தான் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கதையை வைக்க வேண்டும்.

வெயிலில் கவசம் போட்டே தீரவேண்டும் என்றால் மேலே வெளிர் நிறத்தில் பருத்தி மேலாடை. வெறும் இரும்பு நேர்வெயிலில் கை வைக்க முடியாத அளவு காயும்.

மலைமேல் எதிரி துரு. வியர்வையில் உப்பு, மூடுபனியில் ஈரம், இரண்டும் சேர்ந்தால் சங்கிலிக் கவசம் ஒரே இரவில் சிவக்கும். துடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஆமணக்கெண்ணெய் பூசுங்கள், அது காய்ந்து இறுகாது. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி வளையங்களை ஒட்ட வைக்கும், ஆளி விதை எண்ணெய் இன்னும் மோசம். துரு ஏறிவிட்டால் மணலோடு சாக்கில் போட்டுக் குலுக்குவதுதான் பழைய வழி.

பதிவு 7 – பகடை_இருபது

இதையெல்லாம் கேட்டு ஒரு வீட்டுவிதி எழுதினேன். கதகதப்பு, ஈரம் என்று இரண்டே எண்.

கதகதப்பு: மெல்லிய பருத்தி 1, கம்பளிப் போர்வை 2, பஞ்சு மெத்தை உடை 2, உரோமத் தோல் 4. கூட்டிக்கொள்ளலாம்.

ஓய்வில் எவ்வளவு தேவை: 28 டிகிரிக்கு மேல் 0. 22 முதல் 28 வரை 1. 17 முதல் 22 வரை 2. 12 முதல் 17 வரை 3. அதற்குக் கீழே 4. சாதாரண நடைக்கு இதில் 1 குறையும், மலையேற்றத்துக்கு 2 குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

நடக்கும்போது தேவையைவிட 2 அல்லது அதற்கு மேல் கூடுதலாக உடுத்தியிருந்தால் மணிக்கு ஒரு ஈரம் ஏறும். அதிகபட்சம் 3. மழையில் மேலுறை இல்லாமல் நின்றால் உடனே 3.

ஈரம் 1 ஆனாலே பருத்தியின் கதகதப்பு 0. கம்பளிக்கு ஈரம் 3 ஆனால்தான் 2 என்பது 1 ஆகும். பஞ்சு மெத்தை பருத்தியைப் போலவே. ஈரத்தோடு திறந்த காற்றில் இருந்தால் தேவை 1 கூடும்.

இரவு முடிவில் பற்றாக்குறை இருந்தால் கான்ஸ்டிடியூஷன் சேவ், டிசி 10, பற்றாக்குறைப் புள்ளிக்கு 2 கூட்டி. தவறினால் அந்த நீண்ட ஓய்வில் ஹிட் டைஸ் (காயம் ஆற்ற உதவும் பகடைகள்) திரும்பாது, எக்ஸாஷனும் குறையாது. புதிதாக எக்ஸாஷன் கொடுக்க வேண்டாம். 15 டிகிரி இரவுக்கு அது அநியாயம்.

ஒத்திகை பார்க்கலாம். உரோமத் தோலும் பருத்தியும் போட்டு 25 டிகிரியில் ஏறுகிறார். தேவை 0, உடுத்தியது 5. மூன்று மணியில் ஈரம் 3. பருத்திதான் உடுத்தியவர், கம்பளி மூட்டையில்: தேவை 0, உடுத்தியது 1, ஈரம் ஏறாது. மேலே 16 டிகிரி இரவில் பருத்தி 1, கம்பளி 2, மொத்தம் 3. சரியாகப் போதும்.

பதிவு 8 – மூடுபனி

கணக்கு நியாயமாக இருக்கிறது, ஆனால் மணிக்கு மணி கேட்டால் மேசையில் ஆட்டம் செத்துவிடும். நாளுக்கு மூன்று இடத்தில் மட்டும் கேளுங்கள்: கிளம்பும்போது, பாதி வழியில், கூடாரம் போடும்போது. ஈரத்துக்குக் கதாபாத்திரத் தாளின் மேல் புளியங்கொட்டை வையுங்கள். எத்தனை கொட்டையோ அத்தனை ஈரம், எழுதி அழிக்க வேண்டியதில்லை.

உலர்த்துவது எப்படி என்று விதியில் இல்லையே? காய்ந்த சமவெளியில் விரித்துப் போட்டால் மணிக்கு ஒரு கொட்டை எடுத்துவிடலாம். மூடுபனியில் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்து நிற்பதால் எத்தனை மணி தொங்கவிட்டாலும் ஒரு கொட்டையும் குறையாது. நெருப்பு வேண்டும், ஒரு கொட்டைக்கு இரண்டு மணி. விறகும் நனைந்திருக்கும் என்பதால் காய்ந்த சுள்ளியை அடிவாரத்திலேயே பொறுக்கிக் கட்டியவருக்கு அங்கே பலன்.

மந்திரவாதி பிரஸ்டிடிஜிடேஷன் போட்டுக் காயவைக்கிறேன் என்று நிச்சயம் சொல்வார். அந்த மந்திரம் ஒரு கன அடிப் பொருளை ஒரு மணி நேரம் சூடாக வைக்கும், அவ்வளவே. மடித்த துணி சூடான ஈரத்துணி ஆகும். படுக்கும்போது போர்வைக்குள் வைக்க அனுமதிக்கலாம், கொட்டை எடுக்க அனுமதிக்காதீர்கள்.

பதிவு 9 – பாவும்_ஊடையும்

மழை மேலுறை விட்டுப்போனது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை வரும், ஐப்பசியில் விடாமல் பெய்யும். நம் பக்கத்தில் இதற்குக் கொங்காடை இருக்கிறது: கம்பளியையோ சாக்கையோ ஒரு மூலையை உள்ளே தள்ளி மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வது. கைகள் விடுதலையாக இருக்கும், முதுகு நனையாது, கீழே திறந்திருப்பதால் வியர்வையும் தேங்காது. உச்சியில் தலைக்குல்லா வைத்த ஐரோப்பிய மேலங்கியை வரைவதற்குப் பதில் ஆட்டக்காரர்கள் இதை வரையட்டும், பார்க்கவே தனி அடையாளமாக நிற்கும்.

தேன்மெழுகு பூசிய துணி வேண்டுமென்றால் கவனம். மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல்தான், ஆனால் அதற்கு வெகுமுன்பே இளகும். சேலத்து வெயிலில் மடித்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது மெழுகு உரியும், அந்த மடிப்பில்தான் மேலே ஒழுகும். மடிக்காமல் சுருட்டி, நிழலில், தண்ணீர்ப் பைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பதிவு 10 – கஞ்சமலை_உலை

காலுக்கு: சேர்வராயன் பாறை சார்னோகைட் என்ற கடினமான பாறை, நனைந்தால் வழுக்கும். மேல்மட்டத்தில் சிவந்த களிமண்ணும் உண்டு. ஆணி அடித்த செருப்பு களிமண்ணில் பிடிக்கும், பாறையில் சறுக்கும். வெறும் தோல் அடி இரண்டிலும் சறுக்கும். வழி எதுவென்று முன்பே விசாரித்தவருக்கு டிஎம் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் கூடியதை எடுப்பது) கொடுக்கலாம். நனைந்த தோலை நெருப்புக்குக் கை நீட்டும் தூரத்துக்குள் வைத்தால் விறைத்து வெடிக்கும். நிழலில் காயவிட்டு எண்ணெய் தேய்க்க வேண்டும்.

பதிவு 11 – மூடுபனி

பல்லி வேவுகாரனை யாரும் தொடவில்லை. பல்லிக்கு வியர்வை கிடையாது, உடம்பே வெப்பம் உண்டாக்குவதும் குறைவு. அதனால் போர்வை மட்டும் போர்த்தி அவரைச் சூடாக்க முடியாது. போர்வை உள்ளே இருக்கும் வெப்பத்தைக் காக்கும், புதிதாகத் தராது. வீட்டுவிதியில் அவருக்குக் கம்பளியின் 2 கிடைக்க வேண்டுமானால் நெருப்பில் சுட்ட கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். கல் காய்ந்ததாக இருக்கட்டும், ஓடையில் எடுத்த கல் உள்ளே நீர் கோத்திருந்தால் நெருப்பில் வெடிக்கும். சமவெளியில் அவருக்கு நனைத்த துண்டு கழுத்தில். காற்று வறண்டிருக்கும்வரை அது வேலை செய்யும், மூடுபனிக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பதிவு 12 – கோட்டைமேடு

அருமைங்க, நான் கேட்டதைவிட நிறையக் கிடைத்தது. தொகுத்து இப்படி வைத்திருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

தளபதி: மார்புக்கவசம் 20 பவுண்டு, தண்ணீர் 20, மாற்றுடை 4, போர்வை 3, வாள் 3, கேடயம் 6. மொத்தம் 56. மேலே வெள்ளைப் பருத்தி மேலாடை, கையில் ஆமணக்கெண்ணெய்ச் சிமிழ்.

மந்திரவாதி: அவுரி தோய்த்த தளர்ந்த அங்கி, அடிவாரத்தில் சல்லடம், மந்திர நூலுக்கு மெழுகுத்துணி உறை. மடத்தில் தலைவரைச் சந்திக்கச் சேலத்து வெண்பட்டு ஒரு சுற்று.

திருடன்: சாம்பல் நிறத் துணி, தோல் கவசம் 10 பவுண்டு, ஆணி இல்லாத செருப்பு, கொங்காடை.

வேவுகாரன்: வேட்டி, இரண்டு துண்டு, கம்பளி, சுடுவதற்குக் கல்.

பதிவு 13 – பாவும்_ஊடையும்

இரண்டு திருத்தம். தளபதியின் மாற்றுடை எந்த மூட்டையில் இருக்கிறது என்று எழுதவில்லை. மார்புக்கவசத்துக்கு அடியிலும் மெத்தை உடை உண்டு. அவர்தான் குழுவில் முதலில் நனைவார், மேலே போனதும் அவருக்குக் காய்ந்த பருத்தி கட்டாயம். தண்ணீர்ப் பைகளோடு சேர்த்துக் கட்டினால் ஒரு பை கசிந்தாலும் போச்சு. மெழுகுத்துணியில் சுற்றித் தனியாக, மூட்டையின் மேல்பக்கம்.

வெண்பட்டை வழியில் உடுத்த விடாதீர்கள். வியர்வை பட்டால் பட்டில் மஞ்சள் கறை விழும், அது போகாது, இழையும் நொய்ந்துபோகும். மடத்து வாசலில், உடம்பைத் துடைத்துக் காய்ந்த பிறகு உடுத்தட்டும். கறைபட்ட பட்டோடு உள்ளே போனால் பெர்சுவேஷன் (பேசி இணங்க வைக்கும்) உருட்டுக்கு டிஸ்அட்வான்டேஜ் வையுங்கள்.

பதிவு 14 – பகடை_இருபது

தளபதிக்குப் புளியங்கொட்டை கணக்கும் சரிபார்த்தேன். மெத்தை 2, பருத்தி 1, ஏற்றத்தில் தேவை 0. மூன்று கூடுதல், மணிக்கொரு கொட்டை விழும். பாதி வழியில் கவசத்தையும் மெத்தையையும் கழற்றிவிட்டால் கொட்டை எண்ணிக்கை அங்கேயே நிற்கும். நடுத்தரக் கவசம் கழற்ற ஒரு நிமிடம், மாட்ட ஐந்து. பதுங்கித் தாக்கும் ஒரு கூட்டத்தை அந்தப் பாதி வழிக்கு மேலே வையுங்கள். கழற்றலாமா வேண்டாமா என்று தளபதி முடிவெடுத்தாக வேண்டும்.